கோம்பே சிம்பன்சிச் சண்டைக்கு வாழைப்பழமா காரணம்?

மண்டபம் கரைக்காரன்:
நேத்து இந்தக் குழுவுல ஒரு பதிவு. "சிம்பன்சிகள் காட்டில் ஒன்றையொன்று கொல்லாது. தான்சானியாவின் கோம்பேயில் ஜேன் குடால் வாழைப்பழம் போட்டுக் கெடுத்ததால்தான் கொலைவெறி வந்தது" அப்படின்னு. கீழே வரிசையா கைதட்டல் வேற. படிச்சதுலேர்ந்து மனசு ஆறல. சிம்பன்சிகளை ஆராய 1960 ஜூலையில தாங்கனிக்கா ஏரிக்கரையில வந்து இறங்கின ஒரு மனுஷியோட வாழ்நாள் உழைப்பை ஒரே வரியில தூக்கிப் போட்டுட்டீங்க.

நடந்தது இதுதான். 70களின் தொடக்கத்துல, குடால் பாத்துக்கிட்டிருந்த கோம்பே சிம்பன்சிக் கூட்டம் ரெண்டாப் பிரிஞ்சது. வடக்க கசகேலா, தெக்க கஹாமா. 1974 ஜனவரியில கோடின்னு ஒரு கஹாமா ஆண் தனியா மரத்துல மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. கசகேலா ஆண்கள் சத்தமே காட்டாம வந்தாங்க. அது குதிச்சு ஓட, ஒருத்தன் காலைப் பிடிச்சு இழுத்துக் கீழ தள்ளி அமுக்கிக்கிட்டான். மத்தவங்க பத்து நிமிஷம் அடிச்சதும் கடிச்சதும்தான். அதுக்கப்புறம் கோடியை யாரும் பாக்கல. 1978க்குள்ள கஹாமா ஆண்கள் ஒருத்தர்கூட மிச்சமில்ல. பழம் போடுறதைக் குறைச்சு வருஷக்கணக்காச்சு அப்ப.

கீழக்கரை வாசி:
அந்தப் பதிவு என்னுடையது. பெயரைச் சொல்லியே எழுதலாம், நான் ஒளிந்துகொள்ளவில்லை. நீளமாக எழுதியிருக்கிறீர்கள். என் கேள்வி ஒன்றுதான். வாழைப்பழம் போட்டார்களா, இல்லையா?

மண்டபம் கரைக்காரன்:
போட்டாங்க. யாரு இல்லைன்னா? முகாம்ல கூட்டம் கூடி, பபூன் குரங்குகளும் வந்து சேர்ந்து, தினம் அடிதடி ஆனதை அவங்களே எழுதி வச்சிருக்காங்க. அதனாலதான் குறைச்சாங்க. முகாம்ல பழத்துக்கு அடிச்சுக்கிறதும், எல்லை தாண்டிப் போய் ஒருத்தனைத் தேடிக் கொல்றதும் ஒன்னா பாய்?

கீழக்கரை வாசி:
ஆக, போட்டார்கள். தனுஷ்கோடி ரோட்டில் சுற்றுலா வருகிறவர்கள் காராசேவு அள்ளி வீசும்போது கடல் காக்கைகள் எப்படி அடித்துக்கொள்கின்றன என்று பார்த்திருப்பீர்கள். அலைமேல் அமைதியாக மிதந்துகொண்டிருந்த பறவைகள்தான் அவை. ஒரு கை காராசேவுக்கு ஒன்றின் அலகிலிருந்து இன்னொன்று பிடுங்குகிறது. மனிதன் கை வைத்த இடமெல்லாம் இப்படித்தான்.

சித்தார்கோட்டை தம்பி:
கீழக்கரைக் காக்கா (எங்க பேச்சுல அண்ணன்) சொல்றது நூத்துக்கு நூறு சரி. வெள்ளைக்காரங்க எழுதினா அது வேதம்னு நம்புறவங்க நம்ம மாவட்டத்துல ரொம்பப் பேர்.

மண்டபம் கரைக்காரன்:
தம்பி, அதே தான்சானியாவுல மஹாலேங்கிற இடத்துல 1965லேர்ந்து சிம்பன்சி ஆய்வு நடத்தினவர் தோஷிசதா நிஷிதா, ஜப்பான்காரர். அங்கயும் பக்கத்துக் கூட்டத்து ஆண்கள் ஒவ்வொன்னாக் காணாமப் போச்சு.

கீழக்கரை வாசி:
மஹாலேயில் கரும்பு போட்டார்கள். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மண்டபம் கரைக்காரன்:
சொல்றேன், கரும்பும் போட்டாங்க. இப்ப உகாண்டாவுக்கு வாங்க. கிபாலே காட்டுல நுகோகோன்னு ஒரு ஆய்வு இடம். அங்க ஒரு பழம், ஒரு துண்டுக் கரும்பு யாரும் போட்டதில்ல. அங்கதான் அதிகமான கொலை. ஆண்கள் வரிசையா ஒருத்தன் பின்னாடி ஒருத்தனா எல்லைக்குப் போவாங்க. மத்த நேரம் காடே அதிருற மாதிரி கத்துறவங்க, அன்னைக்கு மூச்சு விடுறதுகூடக் கேக்காது. தரையை மோந்து பாப்பாங்க, நின்னு காது கொடுப்பாங்க. பத்து வருஷத்துல 21 கொலை. 2009ல பக்கத்துக் கூட்டத்தோட நிலத்துல போய் உக்காந்து தின்ன ஆரம்பிச்சுட்டாங்க. இதுக்கு எந்த வாழைப்பழம்?

கீழக்கரை வாசி:
அங்கே பழம் இல்லை, சரி. ஆனால் தினமும் பின்னால் நடந்துபோன ஆராய்ச்சியாளர்கள் இருந்தார்கள். காட்டைச் சுற்றி வயலும் ஊரும் இருந்தன. அது தலையீடு இல்லையா? கோம்பேயில் தொடங்கியது வாழைப்பழம். அந்த மூலத்தை மறைக்காதீர்கள்.

மண்டபம் கரைக்காரன்:
அதையும் சோதிச்சுப் பாத்தாச்சு. 2014ல 18 சிம்பன்சிக் கூட்டங்களோட பதிவுகளை ஒன்னா வச்சு ஆராய்ஞ்சாங்க. நேர்ல பாத்தது, தடயத்துல தெரிஞ்சது, சந்தேகப்பட்டது எல்லாம் சேர்த்து 152 கொலை. மனுஷத் தலையீடு எங்க அதிகமோ அங்க கொலை அதிகம்னு வரல. ஆண்கள் எங்க அதிகமோ, நெருக்கம் எங்க அதிகமோ, அங்கதான்.

உச்சிப்புளி ஆசிரியை:
இருவரும் கொஞ்சம் நிறுத்துங்கள். மேற்கு ஆப்பிரிக்கச் சிம்பன்சி 1990க்கும் 2014க்கும் இடையில் எண்பது சதவீதம் குறைந்திருக்கிறது. காட்டை அழிக்கிறார்கள், கறிக்காக வேட்டையாடுகிறார்கள், மனிதரிடமிருந்து நோய் தொற்றுகிறது. ஒரு தாய் ஐந்தாறு வருடத்துக்கு ஒரு குட்டிதான் ஈனும். போனது திரும்பி வர ஒரு தலைமுறை போதாது. நீங்கள் பழத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

கீழக்கரை வாசி:
டீச்சர், நோயைச் சொன்னீர்களே, நன்றி. 1966இல் கோம்பேயில் சிம்பன்சிகளுக்குப் போலியோ வந்து கைகால் விழுந்தது. பழத்துக்காக எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கூட்டினால் நோய் பரவாமல் என்ன செய்யும்?

மண்டபம் கரைக்காரன்:
அந்தப் போலியோ மொதல்ல சுத்துப்பட்டு ஊர் ஜனங்களுக்கு வந்தது. அப்ப சொட்டு மருந்தை எதுக்குள்ள வச்சுக் கொடுத்தாங்க தெரியுமா? வாழைப்பழத்துக்குள்ள. அதையும் உங்க கணக்குல எழுதுங்க பாய்.

பாம்பன் பாசிக்காரி மகள்:
அண்ணே, எனக்கு ஒன்னு கேக்கணும். கோம்பேயைப் பூங்கா ஆக்குனப்ப அந்தக் கரையில மீன் பிடிச்சவங்க என்ன ஆனாங்க? எங்கம்மா விரல்ல துணி சுத்திக்கிட்டுத் தீவுப் பக்கம் முங்கிப் பாசி எடுத்தவங்க. மன்னார் வளைகுடாவுல 21 தீவும் தேசியப் பூங்கான்னு ஆனப்பறம் படகைப் பிடிக்கிறாங்க, பாசியைக் கொட்டிட்டு விடுறாங்க. மாசத்துல இத்தனை நாள்தான் இறங்குறதுன்னு எங்க பொம்பளைங்களே கட்டுப்பாடு போட்டிருக்காங்க. அதை எந்த ஆராய்ச்சிக்காரர் எழுதினார்?

மண்டபம் கரைக்காரன்:
தங்கச்சி, நல்ல கேள்வி. அந்த ஏரிக்கரையிலயும் மீனவங்க இருக்காங்க. ராத்திரி விளக்கு வச்சு, 'டகா'ங்கிற நம்ம நெத்திலி மாதிரி மீனைப் பிடிச்சு மணல்ல காயப்போடுறாங்க. பூங்காவைச் சுத்திக் காடு மொட்டை ஆனதைப் பாத்த பெறகுதான், ஊர்க்காரங்களை விட்டுட்டுச் சிம்பன்சியைக் காப்பாத்த முடியாதுன்னு 1994ல குடால் அமைப்பு ஊர் ஊரா நாத்தங்கால் போட்டு, பொம்பளைங்களுக்குச் சின்னக் கடன் கொடுத்து வேலையைத் தொடங்கினாங்க.

பாம்பன் பாசிக்காரி மகள்:
1960ல வந்தவங்களுக்கு ஊர்க்காரங்க கண்ணுல பட 1994 ஆச்சு. எங்களுக்கு இன்னும் அந்த வருஷம் வரல.

தொண்டி படகு:
2001ல கடல் அட்டைக்குத் தடை போட்டானுங்க. புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம் அட்டைக்கும். வலையில தானா ஏறினதுக்கும் கேஸு. இங்க சிம்பன்சிக்கு அழுவுறவங்க அன்னைக்கு எங்க போனீங்க?

உச்சிப்புளி ஆசிரியை:
தடைக்கு முன்பு அட்டையை எப்படி வாரி எடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், அண்ணன்.

தொண்டி படகு:
வாரினவன் ஏற்றுமதிக்காரன். கேஸு எங்க மேல.

சித்தார்கோட்டை தம்பி:
மண்டபம் அண்ணனுக்கு ஆப்பிரிக்கா முழுக்கத் தெரியும். போன வருஷம் ஆவுளியா (கடல்பசு) கரை ஒதுங்கினப்ப, அது விசைப்படகுல அடிபட்டதுன்னு காக்கா சொன்னதுக்கு இதே மாதிரி பத்துப் பதிவு போட்டு அடக்கினவர்தான்.

மண்டபம் கரைக்காரன்:
ஆவுளியாவை இதுல இழுக்காத. அடிபட்ட காயத்தைப் பாக்காமலே எழுதினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். என் கோபம் இதுதான்: சிம்பன்சி அப்பாவியா இருந்தாத்தான் காப்பாத்தணுமா? கோடியைக் கொன்ன அதே ஜாதிதான் குச்சியை ஒடிச்சு, இலையை உருவி, புத்துக்குள்ள விட்டுக் கறையான் பிடிக்குது. மேற்கு ஆப்பிரிக்காவுல 'தாய்'னு பேர் உள்ள காட்டுல, அம்மா கல்லால கொட்டையை உடைக்கிறதைக் குட்டி வருஷக்கணக்கா பக்கத்துல உக்காந்து பாத்துக் கத்துக்குது. கொல்றதும் அதுதான், வளக்குறதும் அதுதான். அப்படியே முழுசாக் காப்பாத்தணும். நல்லவன்னு பேர் கட்டி நிறுத்தினா, நாளைக்கு ஒரு கொலை கண்ணுல பட்டதும் "இதுக்கா காடு"ன்னு கேப்பாங்க.

கீழக்கரை வாசி:
நான் அப்பாவி என்று எழுதவில்லை. கெடுத்தார்கள் என்று எழுதினேன். நீங்கள் குறைத்தார்கள் என்கிறீர்கள், நான் தொடங்கினார்கள் என்கிறேன். பதிவை எடுக்க மாட்டேன்.

மண்டபம் கரைக்காரன்:
எடுக்க வேண்டாம், இருக்கட்டும். அதுக்குக் கீழயே நுகோகோ பத்தி நாளைக்குத் தனியா எழுதுறேன். பழமே போடாத இடத்துல 21 கொலை எப்படின்னு நீங்க பதில் சொல்ற வரைக்கும் எழுதுவேன்.

தொண்டி படகு:
அட்டை கேஸுக்கு யாராவது பதில் சொல்லுங்கப்பா.