வன்னி வெக்கையில் வீட்டுக்குள் அமரில்லிஸ்: வளர்த்தவர்கள் சொல்வது

கிளிநொச்சி, திருவையாறு

கிழங்கிலிருந்து தண்டு விட்டு லில்லி மாதிரிப் பெரிய பூ பூக்கும் அமரில்லிஸை வீட்டுக்குள் சாடியில் வளர்க்க முடியுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும். என் முன்னறை யன்னலடியில் ஒரே தண்டில் நாலு சிவப்புப் பூக்கள் இப்போது விரிந்து நிற்கின்றன. ஆனால் கிழங்கு வரும் பெட்டியில் அச்சடித்திருக்கும் குறிப்பை அப்படியே இங்கே பின்பற்றக் கூடாது. அது ஒல்லாந்து, கனடா மாதிரிக் குளிர் நாட்டு வீடுகளுக்கு எழுதியது. அங்கே கிழங்கை எழுப்பச் சூடு வேண்டும். நமக்குச் சூடு எப்போதும் இருக்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது தண்ணீரைத்தான்.

கிழங்கு வாங்கும்போது கையில் எடுத்து அமத்திப் பாருங்கள். இறுக்கமாக இருக்க வேண்டும். அடிப்பக்கம் மெத்தென்று அமுங்கினால் விட்டுவிடுங்கள். சுற்றளவும் முக்கியம். 20 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கிழங்கு பெரும்பாலும் இலைதான் விடும். 26, 28 என்று போனால் இரண்டு தண்டுகூட வரலாம். விலை கூடத்தான், ஆனால் முதல் தடவை வளர்ப்பவர் பூவைப் பார்த்தால்தான் தொடர்ந்து வளர்க்க மனம் வரும்.

பெரிய சாடி வேண்டாம். கிழங்கைச் சுற்றி இரண்டு விரல் இடம் போதும். மண் கூடினால் ஈரமும் கூடும், வேர் குடித்து முடிக்காத ஈரத்தில்தான் அழுகல் தொடங்கும். அடியில் ஓட்டை கட்டாயம். எங்கள் பக்கச் செம்மண்ணை மட்டும் போட்டால் காய்ந்ததும் இறுகிவிடும், அதனால் ஆற்று மணலும் தும்புத்தூளும் நன்றாக மக்கிய மாட்டெருவும் கலக்கிறேன். கிழங்கில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். கழுத்துக்குள் தண்ணீர் நிற்கவே கூடாது.

நட்ட அன்று ஒரு தரம் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். அப்புறம் முளை தெரியும்வரை மேல்மண் காய்ந்த பிறகுதான் கொஞ்சம் விட வேண்டும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்துவிட்டே விடுங்கள், நாள் கணக்கு வைக்காதீர்கள். கார்த்திகை மாரியில் வீட்டுக்குள்ளும் காற்று ஈரமாகவே இருக்கும், சாடி காய நாள் எடுக்கும். அதே சாடி சோளகம் வீசும்போது வெகு விரைவில் காய்ந்துவிடும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், சாடியின் வெளியே வெள்ளையாகப் படிகிறது. அதனால் மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்து அதையே விடுகிறேன்.

குளிர் நாடுகளில் நட்டு ஆறிலிருந்து எட்டுக் கிழமையில் பூக்கும் என்பார்கள். இங்கே தண்டு வேகமாக எழும்பும், வெளிச்சம் வரும் பக்கம் சாயும். ஒவ்வொரு நாளும் சாடியைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள். தண்டுக்குள் வெறும் குழாய்தான், பூவின் பாரம் தாங்காமல் முறியலாம். ஒரு தடியை ஊன்றி மெதுவாகக் கட்டினால் போதும். மொட்டு விரிந்த பிறகு வெயில் படாத, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றினால் பூ கூடுதல் நாள் நிற்கும். தகரக் கூரைக்குக் கீழே வைத்த பூ சீக்கிரம் சோர்ந்துவிடும்.

பூ முடிந்ததும் வாடிய பூக்களைக் கிள்ளிவிடுங்கள், ஆனால் இலையில் கை வைக்காதீர்கள். பலர் அதோடு செடியையே மறந்துவிடுகிறார்கள், எனக்கு அதுதான் கவலை. அடுத்த பூவின் வேலை அப்போதுதான் நடக்கிறது. கிழங்கு கிட்டத்தட்ட நாலு இலை விட்டதும் உள்ளே ஒரு பூமொட்டை உருவாக்கும். இலை பெருகினால்தான் பூ. அதனால் காலை வெயில் படும் இடத்துக்குக் கொண்டு போய், எரு போட்டுச் செழிக்க விடுங்கள்.

ஐரோப்பாவில் இதற்கு 10 முதல் 13 பாகை செல்சியசில் ஓய்வு கொடுப்பார்கள். வன்னியில் மார்கழி இரவிலும் அந்தக் குளிர் கிடையாது. குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவா என்று ஒருவர் கேட்டிருந்தார். தேவையில்லை. நம்மிடம் வறட்சி இருக்கிறதே! ஆடி, ஆவணியில் தண்ணீரை நிறுத்தி, சாடியோடு நிழலான காய்ந்த மூலையில் எட்டுப் பத்துக் கிழமை விடுங்கள். ஐப்பசி மழை தொடங்கும்போது மேல்மண்ணை மாற்றித் தண்ணீர் விட்டால் நத்தாரை ஒட்டிப் பூ வரலாம். சில கலப்பினங்கள் இலையை உதிர்க்காமல் பச்சையாகவே நிற்கும். அவற்றின் இலையை வெட்ட வேண்டாம், தண்ணீரைக் குறைத்தால் போதும்.

முல்லைத்தீவு, முள்ளியவளை

அக்கா, நீங்கள் புழுவைப் பற்றிச் சொல்லவில்லை. கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி போட்ட ஒரு புழு. வேலியில் படர்கிற கார்த்திகைப்பூக் கொடியில் பார்த்திருப்பீர்கள். அதே புழு அமரில்லிஸையும் தின்னும். யன்னலைத் திறந்து வைத்தால் அந்துப்பூச்சி உள்ளே வந்து முட்டையிட்டுவிடும். எங்கள் வீட்டில் இரண்டு இலையை அடியோடு அரித்துவிட்டது. மருந்து எதுவும் அடிக்கவில்லை, காலையும் மாலையும் கையால் பொறுக்கினேன். இது கூட்டுப்புழுவாக மாற மண்ணுக்குள் போகும், அதனால் சாடியின் மேல்மண்ணையும் கிளறிப் பார்க்க வேண்டும்.

வவுனியா, பண்டாரிகுளம்

வீட்டில் பிள்ளைகளும் நாயும் இருந்தால் இதைக் கட்டாயம் வாசியுங்கள். எங்கள் நாய் கிழங்கைக் கடித்துவிட்டு இரவு முழுவதும் வாந்தி எடுத்தது. இந்தக் கிழங்கில் லைகோரின் என்ற நச்சு இருக்கிறதாம், மிருக வைத்தியர் சொன்னார். நல்ல வேளை, பிழைத்துவிட்டது. நடுவதற்கு முன் கிழங்கைக் குசினியில் வைக்கவே வேண்டாம். பார்த்தால் பெரிய வெங்காயம்தான், இருட்டில் யாராவது வெட்டிச் சமைத்தாலும் தெரியாது.

இன்னொரு கேள்வி. ஒல்லாந்தில் இருக்கும் என் மச்சாள் வரும்போது பெட்டியோடு கிழங்கு கொண்டுவருகிறேன் என்கிறா. கொண்டுவரலாமா?

நெடுங்கேணி

பிள்ளையள், நான் காசு கொடுத்து வாங்கியது கிடையாது. எங்கள் கிணற்றடியில் அம்மா நட்ட செம்மஞ்சள் லில்லி நின்றது. இடம்பெயர்ந்து போய், 2010இல் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, வளவு முழுக்கப் பற்றை. மழை விழுந்த கையோடு அந்தக் கிழங்குகள் தானாக முளைத்துப் பூத்தன. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, எரு போடவில்லை. இதுவும் நீங்கள் சொல்கிற சாதிதானா? பக்கத்தில் விட்டிருக்கும் சின்னக் கிழங்கை இப்போதே பிரித்துச் சாடியில் வைத்து வீட்டுக்குள் வளர்க்கலாமா?

கிளிநொச்சி, திருவையாறு

ஐயா, அதே சாதிதான், தென்னமெரிக்காவிலிருந்து வந்து இங்கே ஊன்றிப்போன இனம். வெளிச்சம் நன்றாக விழும் யன்னல் என்றால் சாடியிலும் பூக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான். கலப்பினத்தை விடப் பூ சிறியது, ஆனால் நமது வெயிலும் மாரியும் அதற்குப் பழக்கம்.

வவுனியாத் தங்கச்சி, மச்சாளிடம் இப்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 1999ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி செடி, கிழங்கு கொண்டுவர அனுமதிப் பத்திரம் வேண்டும். கிழங்கோடு நோயும் வந்து சேரும். இலையிலும் தண்டிலும் செங்காவிப் புள்ளி விழுகிற பூஞ்சண நோய் ஒன்று இருக்கிறது. அது பட்ட இடத்தைச் சுத்தமான கத்தியால் வெட்டி எரித்துவிட்டு, இலையில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முள்ளியவளைத் தம்பி, அந்தப் புழு என் வீட்டுக்கு இன்னும் வரவில்லை. இன்றைக்கே யன்னலுக்கு வலை அடிக்கச் சொல்லப் போகிறேன்.

ஐயா, பக்கக் கிழங்கை இப்போது பிரிக்காதீர்கள், இலை செழித்து நிற்கிற நேரம். ஆவணி கடைசியில் மண் காய்ந்ததும் வேரோடு மெதுவாகக் கழற்றி, இரண்டு நாள் நிழலில் வைத்து வெட்டுக்காயம் ஆறிய பிறகு நடுங்கள். எனக்கும் ஒன்று எடுத்து வையுங்கள், நான் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.