நாவலுக்குக் கெடு நவம்பர் 5, அந்தமான் பயணம் அக்டோபர் 16: லேப்டாப்பை எடுத்துப் போகலாமா?

மாரிக்குப்பம் பேத்தி:

வணக்கம். எழுதுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன்.

நான் பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறேன், ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. நாலு வருடமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கேஜிஎஃப், அதாவது கோலார் தங்கவயல் சுரங்கத்தை மூடியதைப் பற்றியது, அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், நான் பிறந்து வளர்ந்தது அங்கே தொழிலாளர் லைன் வீட்டில்தான். மொத்தம் 25 அத்தியாயம். 22 முடிந்து, இரண்டு முறை திருத்தியும் வைத்துவிட்டேன். மீதி மூன்றும் 2001 பிப்ரவரி 28, அதாவது சுரங்கத்தை மூடிய நாள், அதற்கு முன்னும் பின்னுமான நாட்கள். அங்கே வந்து இரண்டு மாதமாக நகராமல் நிற்கிறது.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வர வேண்டுமென்றால் நவம்பர் 5க்குள் முழுப் பிரதியும் கைக்கு வந்தாக வேண்டும் என்று பதிப்பகத்தில் சொல்லிவிட்டார்கள். இது என் முதல் நாவல். இந்த ஜனவரியை விட்டால் அடுத்த ஜனவரிதான்.

இதற்கு நடுவில் அக்டோபர் 16 முதல் 24 வரை குடும்பத்தோடு அந்தமான். டிக்கெட் ஜூலையிலேயே போட்டாகிவிட்டது. அம்மாவுக்கு 65 வயதாகிறது, கடலை ஒரே ஒரு தடவை, ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போனபோது மெரினாவில் அரை மணி நேரம் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். தம்பி குடும்பமும் வருகிறது, அவனுக்கு லீவு கிடைத்ததே பெரிய விஷயம். அதனால் பயணத்தைத் தள்ளிப்போடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

வழக்கமாக நான் காலை நாலரைக்கு எழுந்து ஆறரை வரை எழுதுவேன். என் பயம் என்னவென்றால், ஒன்பது நாள் விட்டால் கை விட்டுப்போகும். போன வருடம் டெங்கு வந்து பத்து நாள் படுத்திருந்தேன், அதற்கப்புறம் அந்த மனிதர்களின் பேச்சு மறுபடி காதில் விழவே ஒரு மாதம் ஆனது. வீட்டுக்காரர், லேப்டாப்பைக் கொண்டு வா, காலையில் எழுது, மத்தியானம் எங்களோடு கடலுக்கு வா என்கிறார். தம்பியோ, லேப்டாப் வந்தால் அக்கா வரவில்லை என்றுதான் அர்த்தம் என்கிறான். இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. பயணத்தில் எழுதிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், உண்மையிலேயே நடக்கிற காரியமா?

---

கார்வார் ரயில்:

நான் செய்து பார்த்திருக்கிறேன். மூன்று வருடம் முன்னால் ஒரு குறுநாவலை முடிக்க வேண்டியிருந்தது, இங்கிருந்து கார்வார் போகிற இரவு ரயிலில் ஏறி கோகர்ணத்தில் இறங்கி, குட்லெ கடற்கரையில் ஒரு வாரம் இருந்தேன். தனியாகத்தான் போனேன், குடும்பம் கூட இல்லை. அப்படியும் லேப்டாப்பில் பெரிதாக ஒன்றும் நகரவில்லை. வெளியில் உட்கார்ந்தால் வெயிலில் திரை தெரியாது, உள்ளே உட்கார்ந்தால் புழுக்கம், காற்றில் வருகிற பொடி மணல் கீபோர்டுக்குள் போய் இரண்டு கட்டை மாட்டிக்கொண்டன. ஆனால் கிளம்பும்போது, இருக்கட்டும் என்று அதுவரை எழுதியதை 12 புள்ளி எழுத்தில், இரட்டை இடைவெளி விட்டு, ஒரு பக்கம் மட்டும் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். நாலாவது நாள்தான் அதைக் கையில் எடுத்தேன். ஒரு வருடமாக மானிட்டரில் பார்த்துக்கொண்டிருந்த பிரதியைக் காகிதத்தில், கடல் சத்தத்தில், வாய்விட்டு வாசித்தபோதுதான் எங்கே இழுக்கிறது, எங்கே ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன் என்பதெல்லாம் தெரிந்தது. 14 பக்கத்தை அடித்து நீக்கினேன். ஊருக்குத் திரும்பி ஒன்பது நாளில் முடிவை எழுதிவிட்டேன்.

அதனால் நான் சொல்வது: லேப்டாப் வேண்டாம், கடைசியாக முடித்த இரண்டு அத்தியாயத்தை மட்டும் அச்செடுத்து, ஒரு நோட்டும் இரண்டு பேனாவும் எடுத்துப் போங்கள். தினம் அரை மணி நேரம் வாசித்தால் போதும், காதில் விழுவது நிற்காது. இந்த ஒன்பது நாளைக் காய்ச்சலில் படுத்த பத்து நாளோடு சேர்க்காதீர்கள், அது வேறு.

---

பக்கமும் வரியும்:

கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் நல்லது என்று தோன்றுகிறது. பதினோரு வருடமாகத் தமிழ்ப் புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்கிறேன், இப்போது கே.ஆர்.புரத்தில் வீட்டிலிருந்தே. நவம்பர் 5 என்று ஏன் சொல்கிறார்கள் தெரியுமா? பிரதி வந்ததும் பக்கம் அமைக்க வேண்டும், பிழை பார்க்கிற முதல் மெய்ப்பு, திருத்தம், இரண்டாம் மெய்ப்பு, அதை எழுத்தாளர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும், அப்புறம்தான் அச்சகம். டிசம்பரில் எந்த அச்சகத்துக்குப் போனாலும் ஒரு பக்கம் டைரி, காலண்டர், இன்னொரு பக்கம் புத்தகக் காட்சிக்கான புத்தகங்கள், வரிசையில் நிற்க வேண்டும். அவர்கள் கவலைப்படுவது அந்த வரிசையைப் பற்றித்தான்.

அப்படியானால் 22 அத்தியாயத்தையும் கையில் வைத்துக்கொண்டு ஏன் காத்திருக்கிறீர்கள்? இரண்டு முறை திருத்திவிட்டேன் என்கிறீர்கள், இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். நீங்கள் அந்தமானில் இருக்கிற ஒன்பது நாளில் இங்கே பக்கம் அமைத்து முதல் மெய்ப்பே முடிந்துவிடும். ஊருக்குத் திரும்பியதும் மூன்றே அத்தியாயம்தான் உங்கள் தலையில் இருக்கும், பதிப்பகத்துக்கும் நிம்மதி. நானாக இருந்தால் அப்படி அனுப்பியவருக்கு, கடைசி மூன்று மட்டும் நவம்பர் 12க்கு வரட்டும் என்று சந்தோஷமாக ஒப்புக்கொள்வேன். கேட்டுப் பாருங்கள். ஆனால் இன்றைக்கே கேளுங்கள், நவம்பர் 4 அன்று ராத்திரி போன் செய்து கேட்காதீர்கள், அது எல்லோரையும் நோகடிக்கும்.

இரண்டு விஷயம் கூடவே செய்ய வேண்டும். ஒன்று, மீதி மூன்றும் ஏறத்தாழ எத்தனை சொல் வரும் என்று ஒரு மதிப்புச் சொல்லுங்கள். 16 பக்கம் ஒரு ஃபாரம் என்றுதான் கணக்குப் போடுவோம், பக்கம் தெரிந்தால்தான் அட்டையில் முதுகின் அகலம் வைக்க முடியும். அட்டை வேலை நின்றால் எல்லாமே நிற்கும்.

இரண்டாவது முக்கியம், இதை விட்டுவிடாதீர்கள். உங்கள் நாவலில் சுரங்கத்துப் பேச்சு நிறைய இருக்கும், கன்னடமும் தெலுங்கும் இங்கிலீஷும் கலந்த சொற்கள். மெய்ப்புப் பார்ப்பவர் அந்த ஊர்க்காரராக இருக்க மாட்டார், பிழை என்று நினைத்து நல்ல தமிழுக்கு மாற்றிவிடுவார், மாற்றியது உங்களுக்கே கடைசிவரை தெரியாமல் போகும். ஒரு பழைய புத்தகத்தில் மீனவர் பேச்சு முழுக்க இப்படிப் போய், எழுத்தாளர் அச்சான பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு அழுததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதனால், மாற்றக் கூடாத சொற்கள், ஆள் பெயர், இடப் பெயர் எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் பட்டியலாக எழுதிப் பிரதியோடு சேர்த்து அனுப்புங்கள். சாம்பியன் ரீஃப் என்று ஓரிடத்திலும் ரீப்ஸ் என்று இன்னோரிடத்திலும் இருந்தால் எது வேண்டும் என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள்.

அந்தமானில் இருக்கும்போது பிடிஎஃப் வந்தால் போனில் திறந்து திருத்தாதீர்கள். ஒற்று விட்டது எதுவும் போன் திரையில் கண்ணில் படாது. 24க்கு மேல் அனுப்புங்கள் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

---

அல்சூர்வாசி:

அம்மா, எனக்கு 71 வயது, நான் எழுதுகிறவன் இல்லை, வாசிக்கிறவன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். மூடிய நாளைப் பற்றிய அத்தியாயங்களில் நிற்கிறது என்கிறாய். அன்றைக்கு உனக்கு என்ன வயது இருக்கும், பதினாலா பதினைந்தா? அந்த வீட்டில் அன்றைக்குப் பெரியவளாக இருந்தவள் உன் அம்மா. அவளோடு ஒன்பது நாள், சமையல் வேலை இல்லாமல், டிவி இல்லாமல், ஒரே இடத்தில் உட்காரப் போகிறாய். அவளிடம் கேட்டுவிட்டாயா?

---

மாரிக்குப்பம் பேத்தி:

ஐயா, இல்லை. நாலு வருடத்தில் அப்பாவின் நண்பர்கள் ஒன்பது பேரிடம் பேசியிருக்கிறேன், ஸ்வர்ணா ரயிலில் தினமும் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போனவர்களிடம் பேசியிருக்கிறேன், அம்மாவிடம் கேட்கவே இல்லை. அப்பா போனபிறகு அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார், அதனால் நானும் விட்டுவிட்டேன். இரண்டு நாளாக உங்கள் கேள்வியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பக்கமும் வரியும், பட்டியல் எழுத ஆரம்பித்துவிட்டேன், இதுவரை 64 சொல். மிகப் பெரிய உதவி, நன்றி அக்கா.

---

தீவில் நாலு வருஷம்:

அந்தமானைப் பற்றி மட்டும் சொல்கிறேன், வேலைக்காக அங்கே இருந்தவன், இப்போது ஒயிட்ஃபீல்டு.

அந்தமான் இவ்வளவு கிழக்கே இருந்தும் கடிகாரம் நம்முடையதுதான். அதனால் அக்டோபர் நடுவில் காலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் வந்துவிடும், சாயங்காலம் ஐந்துக்கு இறங்கிவிடும். பெங்களூரை விட ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னால். நாலரைக்கு எழுகிற பழக்கம் உள்ள உங்களுக்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது. பிள்ளைகளும் தம்பியும் எழ ஏழு மணி ஆகும், அதற்குள் இரண்டு மணி நேரம் வெளிச்சமும் கடலும் உங்களுக்கு மட்டும். ஹேவ்லாக்கில், இப்போது சுவராஜ் தீவு என்று பெயர், சூரிய உதயத்துக்குக் காலாபத்தர் கடற்கரை, அஸ்தமனத்துக்கு ராதாநகர். எல்லோரும் ராதாநகருக்கு ஓடுவார்கள். அம்மாவைக் காலையில் காலாபத்தருக்குக் கூட்டிப் போங்கள், கூட்டம் இருக்காது.

நெட் விஷயம். சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் போட்டு 2020 ஆகஸ்டில் திறந்த பிறகு நிலைமை நன்றாக மாறிவிட்டது, அந்தக் கேபிள் ஹேவ்லாக்குக்கும் வருகிறது. ஆனாலும் தங்குகிற இடத்தைப் பொறுத்து போனில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். பதிப்பகத்துக்கு அனுப்ப வேண்டியது எதையும் அங்கே போய் அனுப்பலாம் என்று வைக்காதீர்கள். அப்புறம் மழை, அக்டோபரில் கண்டிப்பாக ஒன்றிரண்டு நாள் பிடித்துக்கொள்ளும், கடல் கொந்தளித்தால் கப்பலை ரத்து செய்வார்கள். திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளே போர்ட் பிளேருக்கு வந்துவிடுங்கள், ஊரின் பெயர் இப்போது ஸ்ரீ விஜயபுரம், டிக்கெட்டில் எப்படி இருந்தாலும் குழம்ப வேண்டாம். காகிதம் கொண்டுபோனால் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள், அந்த ஈரக்காற்றில் இரண்டே நாளில் அப்பளம் மாதிரி நமுத்துவிடும்.

அம்மாவுக்கு மொழிக் கவலை வேண்டாம். தமிழ் பேசுகிறவர்கள் கடை கடையாக இருக்கிறார்கள்.

---

மாரிக்குப்பம் பேத்தி:

கேட்டதற்கு என்ன ஆனது என்று சொல்லாமல் விடக்கூடாது, அதனால் எழுதுகிறேன். இன்று 20ஆம் தேதி, ஹேவ்லாக்கில் இருக்கிறோம்.

22 அத்தியாயமும் 9ஆம் தேதியே போய்விட்டது, கூடவே 91 சொல் கொண்ட பட்டியலும். கடைசி மூன்றுக்கு நவம்பர் 10 வரை தந்திருக்கிறார்கள். நான் கேட்டதே 12, பரவாயில்லை. லேப்டாப் வீட்டில். 21, 22ஆம் அத்தியாயங்களின் அச்சுப் பிரதி, நோட்டு, பேனா, பிளாஸ்டிக் உறை.

முதல் மூன்று நாள் எதையும் தொடவில்லை. நேற்றுக் காலை அம்மாவும் நானும் மட்டும் காலாபத்தருக்குப் போனோம், ஐந்து மணிக்கே நல்ல வெளிச்சம். அம்மா புடவையை முட்டிக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்றார். நான் கேட்கவில்லை ஐயா, கேட்க வாய் வரவில்லை. 22ஆம் அத்தியாயத்தை எடுத்து சத்தமாக வாசித்தேன், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, இதெல்லாம் சரி, ஆனா மறுநாள் நான் உங்கப்பாவுக்கு சோறு கட்டினேன் அதைப் போடல நீ என்றார். மூடிய மறுநாள் விடியற்காலை, எப்போதும் போல எழுந்து, முதல் ஷிஃப்டுக்குக் கட்டுகிற மாதிரியே டிபன் கேரியரில் அடித்தட்டில் சோறு, மேலே முருங்கைக்கீரைப் பொரியல். கட்டி முடித்து வாசலில் கொண்டு வந்து வைத்தபிறகுதான் நினைவு வந்ததாம். அப்பா ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துக்கொண்டு வெளியே போனார், சாயங்காலம் கழுவிய பாத்திரத்தோடு வந்தார். எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார் என்று அம்மா கடைசிவரை கேட்டுக்கொள்ளவில்லை.

நானும் தம்பியும் அந்த வீட்டில்தான் இருந்தோம். எங்களுக்கு இது தெரியவே தெரியாது.

நோட்டில் நேற்று 6 பக்கம், இன்று 4 பக்கம். 24ஆம் அத்தியாயம் எங்கே தொடங்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. மெய்ப்பு வந்துவிட்டதாக மெயில் வந்திருக்கிறது, திறக்கவில்லை, ஊருக்கு வந்துதான்.

அம்மா மறுபடி கடலுக்குக் கிளம்பிவிட்டார், வாசலில் நின்று கூப்பிடுகிறார், ஒரு செருப்பைக் காணோம் என்று. தேடிக் கொடுத்துவிட்டு நானும் போகிறேன்.