தவணை வசூல் வேலையை விடலாமா? ஒரு விசுவாசியின் கேள்வி

தவணைக்காரன்:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஊர் பாளையங்கோட்டை, வயது 29. மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறேன். பிடித்தம் போகக் கையில் வருவது 26,000.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். வழக்கம்போல ஒரு வீட்டுத் திண்ணையில் குழு கூடியது. பாதிப் பேர் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். ஓர் அக்காவிடம் தவணைப் பணம் 1,150 இல்லை. முழுத்தொகை வராமல் யாரும் எழக் கூடாது என்பது எங்கள் கிளையின் பழக்கம். அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவர்கள் மதியம் ஒரு மணி வரை இருந்தார்கள். கடைசியில் அந்த அக்கா கம்மலைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துப் பணம் வாங்கினார். நான் அட்டையில் கையெழுத்துப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்கு எழுந்து போனபோது அவர் எனக்கு முன்னால் நின்றார். காதுத் துளையில் ஈர்க்குச்சி.

ஒரு மிஷன் மருத்துவமனையில் கணக்குப் பிரிவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சம்பளம் 14,000. தங்கை நர்சிங் இரண்டாம் ஆண்டு. அம்மா வேண்டாம் என்கிறார். மனநிறைவான வேலையும் கர்த்தருக்குப் பிரியமான வேலையும் ஒன்றுதானா?

மத்தேயு 9:9:
தம்பி, பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. மத்தேயு ஆயத்துறையில், அதாவது வரி வசூலிக்கும் இடத்தில், உட்கார்ந்திருந்தார். ஆண்டவர் கூப்பிட்டார், எழுந்து போனார். தங்கையின் கட்டணத்தைக் கணக்குப் பார்த்ததாக வசனம் சொல்லவில்லை. வட்டிக்குப் பணம் கொடாதவனே கர்த்தருடைய கூடாரத்தில் தங்குவான் என்கிறது 15ஆம் சங்கீதம். நானும் 2011இல் ஒரு சீட்டுக் கம்பெனி வேலையை உதறிவிட்டு ஊழியத்துக்கு வந்தவன்தான். ஒருநாளும் பட்டினி கிடந்ததில்லை.

பனையடி:
15ஆம் சங்கீதத்தை இழுத்தால் நம் சபைகளின் வைப்புத்தொகை முழுவதையும் வங்கியிலிருந்து எடுக்க வேண்டும் ஐயா. அதை முதலில் செய்வோம், பிறகு தம்பியின் வேலைக்கு வருவோம்.

என் தாத்தா பனையேறி. நாளுக்கு இருமுறை மரம் ஏறி இறங்கி நெஞ்சில் தழும்பு காய்த்தவர். மனநிறைவு கிடைக்கிறதா என்று அவரிடம் கேட்டிருந்தால் பாளை அரிவாளைத் தூக்கியிருப்பார். ஆனால் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாமல் ஏறமாட்டார். மரம் ஒன்றுதான், ஏற்றமும் ஒன்றுதான். சுண்ணாம்பு இருந்தால் பதனீர், இல்லாவிட்டால் கள். கள் இறக்கக் கூடாது என்று சபை சொன்னதே தவிர மரத்தை விட்டு இறங்கு என்று சொல்லவில்லை. அந்தக் கருப்பட்டிக் காசிலும் பாட்டி எடுத்து வைத்த கைப்பிடி அரிசியிலும்தான் எங்கள் ஊர்க் கோயில் எழும்பியது.

லூக்கா மூன்றாம் அதிகாரத்தையும் பாருங்கள். வரி வசூலித்த ஆயக்காரர்கள் யோவான் ஸ்நானனிடம் வந்து என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார்கள். வேலையை விடு என்றா சொன்னார்? விதித்ததற்கு மேல் வாங்காதே என்றார். ஆயக்காரர் தலைவனான சகேயு விலகல் கடிதம் கொடுத்ததாகவும் எங்கும் இல்லை. தம்பி அங்கேயே இருக்கட்டும். அந்தத் திண்ணைக்கு இரக்கமுள்ள ஒருவன் வேண்டும்.

மத்தேயு 9:9:
உவமை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் தாத்தாவின் கலயம் உங்கள் தாத்தாவுடையது. சுண்ணாம்பு தடவுவதும் தடவாததும் அவர் கையில் இருந்தது. தம்பியின் கலயம் யாருடையது? இலக்கு வைப்பவன் வேறு, வசூல் முடியாமல் எழ விடாதே என்பவன் வேறு. இவர் வெறும் ஏணி.

இரவுப்பணி:
34 வருடம் மிஷன் மருத்துவமனைகளில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். தம்பி, அங்கே போனால் பரிசுத்தம் தானாக வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். காலையில் ஜெபக்கூடுகை நடக்கும். பத்து மணிக்கு, பில் கட்டாதவரை வீட்டுக்கு அனுப்பலாமா என்ற கேள்வியோடு கணக்குப் பிரிவிலிருந்துதான் வார்டுக்கு ஆள் வருவார். அந்த ஆள் இனி நீங்கள். திண்ணை மாறும், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே "இந்த அம்மாவிடம் பணம் இல்லை" என்று எழுதிக் கொடுக்க ஒரு படிவம் இருந்தது. நானே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். பாதிக்கு மேல் தள்ளுபடியும் ஆனது. உங்கள் நிறுவனத்தில் அப்படி ஒரு தாள் உண்டா?

இன்னொன்று. மனநிறைவு பற்றிப் பேசினாலே கூட்டங்களில் வேலூர் மிஷன் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதையைச் சொல்வார்கள். அந்த அம்மா அதைத் தேடிப் போனவர் அல்ல. மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்றிருந்தவர், சுகமில்லாத தாயைப் பார்க்கத் திண்டிவனம் வந்தார். ஆண் மருத்துவர் பார்க்கக் கூடாது என்பதால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தார்கள். திரும்பிப் போய் மருத்துவம் படித்துவிட்டு 1900இல் வேலூர் வந்தார். அழைப்பு அவருக்குச் செத்துப்போன பெண்களின் வடிவில் வந்தது. உங்களுக்கு ஓர் ஈர்க்குச்சி வந்திருக்கிறது.

பனையடி:
அக்கா, கடைசி வரி என்னைக் கொஞ்சம் உலுக்கிவிட்டது. ஆனாலும் கேட்கிறேன்: தம்பி போனால் அடுத்த செவ்வாய் அந்தத் திண்ணைக்கு யார் வருவார்? இவரைவிடக் கல்நெஞ்சுக்காரர் வரமாட்டாரா?

சட்டமும் தம்பி பக்கம்தான் இருக்கிறது. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் விதிகளில், ஒரு குடும்பத்தின் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் போனில் அழைக்கக் கூடாது என்றும் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். அதுதான் உங்கள் சுண்ணாம்பு.

தவணைக்காரன்:
அண்ணன், அந்தப் பாதி வருமானக் கணக்கைப் பற்றித்தான் முதலில் எழுதாமல் விட்டேன். வெட்கமாக இருந்தது.

பீடி சுற்றும் வீட்டின் உண்மையான வருமானத்தை எழுதினால் இரண்டாவது கடன் தேறாது. எனவே எவ்வளவு இருந்தால் தேறுமோ அதை எழுதச் சொல்கிறார்கள். கணவர் கொத்தனார், மாதம் 26 நாள் வேலை என்று எழுதுவேன். அவர் ஆறு மாதமாகப் படுக்கையில் இருப்பார். கீழே கையெழுத்து என்னுடையது. கம்மல் போட்டிருந்த அக்காவின் படிவமும் நான் எழுதியதுதான்.

மத்தேயு 9:9:
கர்த்தாவே.

பனையடி:
சரி. இதற்கு மேல் நான் வாதாடமாட்டேன். அது கள்தான். ஆனால் ராஜினாமாவுக்கு முன்னால் அந்தக் கட்டத்தில் உண்மையை எழுதிப் பாருங்கள் தம்பி. எழுதினால் வேலை போகுமென்றால் போகட்டும். நீங்களாக விட்டு ஓடியதாக இருக்க வேண்டாம்.

மத்தேயு 9:9:
இதில் பனையடி ஐயாவோடு பாதி ஒத்துப்போகிறேன். மீதிப் பாதி: சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, நான்கு மடங்காக, திரும்பக் கொடுக்கிறேன் என்றார். கடன் சுமந்தவர்களுக்கு வேலையை விட்ட பிறகு என்ன செய்வீர்கள் என்றும் யோசியுங்கள். 2011இல் நான் யோசிக்கவில்லை. சீட்டுப் போட்ட மூன்று குடும்பங்களை இன்றும் நேரில் பார்க்க என்னால் முடியவில்லை. அதை ஊழிய சாட்சியில் நான் சொல்வதில்லை.

தவணைக்காரன்:
கம்மல் இப்போது அந்தப் பக்கத்து வீட்டு அக்காவிடம்தான் இருக்கிறது. 1,150 கொடுத்தால் கிடைத்துவிடும். கொடுத்தால் அவர் வாங்குவாரா, என் முகத்தில் எறிவாரா தெரியவில்லை.

நாளைக்கு மூன்று புதுப் படிவங்கள் அனுப்ப வேண்டும். மேசைமேல் இருக்கின்றன. வருமானக் கட்டத்தை மட்டும் நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.

இரவுப்பணி:
நிரப்புங்கள், உள்ளதை உள்ளபடி. அப்புறம் ஒன்று தம்பி: அந்த மருத்துவமனையில் வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறார்களா, தங்கைக்குக் கட்டணச் சலுகை உண்டா என்று கேட்டீர்களா?

தவணைக்காரன்:
கேட்கவில்லை அக்கா. நாளை கேட்கிறேன்.