புள்ளி ஓவியங்கள்: பாலைவன மரபா, சந்தைச் சரக்கா?

கரிசல்மண்:
ஆஸ்திரேலியாவின் மேற்குப் பாலைவனத்துப் பழங்குடி மக்கள் வரையும் புள்ளி ஓவியங்களைப் பல்லாயிரம் ஆண்டு மரபு என்று சொல்லி விற்கிறார்கள். இது வெறும் வியாபாரப் பேச்சு. இந்த ஓவியங்கள் 1971இல் பிறந்தவை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடமேற்கே சுமார் 240 கிலோமீட்டரில் இருக்கிறது பாப்பன்யா என்ற, பழங்குடியினருக்கான அரசுக் குடியிருப்பு. அங்கே பள்ளி ஆசிரியராக வந்த ஜெஃப்ரி பார்டன் வண்ணமும் பலகையும் கொடுத்து ஊக்குவித்தார். மறு ஆண்டே ஓவியர்களின் நிறுவனமாக பாப்பன்யா துலா உருவாயிற்று. பலகை, வண்ணம், வாங்குகிறவர் என எல்லாமே வெளியிலிருந்து வந்தவை. இதில் தொன்மை எங்கே இருக்கிறது?

தூரிகை:
பலகை புதிது, வரைந்தது புதிதல்ல. மணலில் ஒருவர் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்தால் என்ன தடம் விழுமோ, அதுதான் அந்த ஓவியங்களில் வரும் லாட வடிவம். பக்கத்தில் நீளக் கோடு இருந்தால் கிழங்கு தோண்டும் கோல்; அப்படியென்றால் உட்கார்ந்திருப்பவள் பெண். வட்டத்துக்குள் வட்டம் நீர்ச்சுனையாக இருக்கலாம், கூடாரமிட்ட இடமாகவும் இருக்கலாம். சடங்குகளின்போது தரையில் செடிப் பஞ்சை ஒட்டியும் உடம்பில் காவி பூசியும் இவற்றைத் தலைமுறை தலைமுறையாக வரைந்து வந்தார்கள். பார்டன் இவற்றைக் கற்றுக்கொடுக்கவில்லை, ஐயா.

கரிசல்மண்:
கற்றுக்கொடுக்கவில்லை, ஆனால் தேர்ந்தெடுத்தார். பள்ளிச் சுவரில் தேனெறும்பு ஓவியம் வரைந்த கதையை அவரே எழுதியிருக்கிறார். முதலில் அந்தக் குடியிருப்பு ஓவியர்கள் வரைந்தது வெள்ளைக்காரர் பாணி எறும்பு. "இது உங்கள் எறும்புதானா?" என்று இவர் கேட்ட பிறகே அவர்களில் ஒருவரான காபா ஜம்பிஜின்பா அதை அழித்துவிட்டுச் சடங்குக் குறியால் வரைந்தார். எது அசல் என்று தீர்ப்புச் சொன்னவர் சிட்னியில் இருந்து வந்த வாத்தியார்! பழங்குடி ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிரா 1930களில் இருந்தே அதே பாலைவனத்தை ஐரோப்பிய நீர்வண்ணத்தில் வரைந்து புகழ்பெற்றவர். அவர் வரைந்தது மட்டும் அசல் இல்லையா?

தூரிகை:
நமட்ஜிராவும் தம் நிலத்தைத்தான் வரைந்தார், அதில் சண்டை இல்லை. பார்டன் கேட்டது ஒரு கேள்வி. அதற்கு விடை சொல்லும் உரிமை யாரிடம் இருந்தது என்று பாருங்கள். ஒரு நிலத்தின் கதையை நினைத்தவர் எல்லாம் வரைந்துவிட முடியாது. தந்தை வழியிலோ தாய் வழியிலோ உரிமை இருக்க வேண்டும். அந்தச் சுவருக்கும் பெரியவர்கள் கூடிப் பேசி அனுமதி கொடுத்த பிறகே வரைந்தார்கள். சில ஆண்டுகளில் அதிகாரிகள் அதன்மேல் வண்ணம் அடித்து மறைத்துவிட்டார்கள். மரபுக்கு அன்று அரசு கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

நாடோடி:
இருவரும் முக்கியமான ஒன்றைத் தாண்டிப் போகிறீர்கள். முதல் ஓரிரு ஆண்டுப் பலகைகளில் ஆண்களுக்கு மட்டுமே உரிய சடங்குப் பொருள்கள் வெளிப்படையாக இருந்தன. அவை ஊரறியக் காட்சிக்கு வந்தபோது மற்றப் பாலைவனக் குழுக்களின் பெரியவர்கள் கொதித்துப்போனார்கள். அதன்பிறகு அந்த உருவங்கள் குறைந்தன, புள்ளிகள் பெருகின. நாம் ரசிக்கும் புள்ளிப் பரப்பு ஒரு வகையில் திரை.

கரிசல்மண்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். வெளியார் பார்க்கிறார்கள் என்பதால் மாறிய பாணி.

நாடோடி:
பார்க்கிறார்கள் என்பதால் மாறியது, அவர்கள் கேட்டதால் அல்ல. வாங்குகிறவனுக்கு எதைக் காட்டக் கூடாது என்று விற்கிறவன் முடிவு செய்யும் சந்தையை வேறெங்கே பார்த்திருக்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:
சந்தை என்றால் பணத்தையும் பேசுவோம். பாப்பன்யா ஓவியர் ஜானி வாரங்குலா 1972இல் வரைந்த நீர்க் கதை ஓவியம் 150 டாலருக்குப் போனது. 1997இல் அது ஏலத்தில் 2 லட்சம் டாலரைத் தாண்டியது. முதியவரான ஓவியர் அப்போது உயிரோடு இருந்தார். அந்தப் பணத்தில் அவருக்குச் சட்டப்படி ஒரு காசு கிடையாது. மறுவிற்பனையில் 5 சதவீதம் கலைஞருக்கு என்ற சட்டம் 2010இல்தான் நடைமுறைக்கு வந்தது. மரபா, புதுமையா என்று நீங்கள் வாதாடுங்கள். அவரைக் கேட்டிருந்தால் பங்கு எங்கே என்றுதான் கேட்டிருப்பார்.

தூரிகை:
பங்கு கேட்கவும் செய்தார்கள், நிலத்தில். கிரேட் சாண்டி பாலைவனத்து மக்கள் 1997இல் ங்குர்ராரா என்ற ஓவியத்தை வரைந்தார்கள். 8 மீட்டருக்கு 10 மீட்டர். நில உரிமைத் தீர்ப்பாயத்தின் முன் அந்தத் துணியை விரித்து, ஒவ்வொருவரும் தத்தம் சுனை வரைந்த இடத்தில் நின்று தம் மொழியில் சாட்சி சொன்னார்கள். 2007இல் உரிமை அங்கீகரிக்கப்பட்டது. சுற்றுலாப் பயணிக்காகப் புனைந்த சரக்கு வழக்கில் சாட்சியாக நிற்குமா, கரிசல்மண் ஐயா?

கரிசல்மண்:
அது நிற்கும், அதை நான் மறுக்கவில்லை. நிலத்தோடு அவர்களுக்குள்ள உறவு பழையது. ஆனால் அக்ரிலிக் ஓவியத்துக்கு ஆயிரமாண்டுச் சான்றிதழ் ஒட்டுகிறவர்கள் பாலைவனத்து ஆள்கள் அல்லர், கடைக்காரர்கள். 1971 என்று எழுதினால் விலை குறைந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். வாழ்ந்த நிலத்தில் இருந்து குடியிருப்புக்குக் கொண்டுவரப்பட்ட பின்டுபி மக்கள், கண்ணுக்கு எட்டாத தங்கள் சுனைகளைக் கிடைத்த பலகைத் துண்டில் வரைந்த ஆண்டு அது. என் கணக்கில் அந்த ஆண்டுக்குத்தான் விலை அதிகம்.

கணக்குப்பிள்ளை:
இதைத் தூரிகை ஒப்புக்கொள்வாரா?

தூரிகை:
ஆண்டை எழுதட்டும். பக்கத்தில் எந்தச் சுனை, அது யாருடைய நிலம் என்பதையும் எழுதட்டும்.