பேரனும் ரேக்ளாக் குதிரையும்: எங்கள் குடும்பக் குழுவில்

[காலை 7:40] நத்தம் சித்தப்பா: ரேக்ளா ஓட்டும் நண்பரிடம் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை குதிரையைத் தெப்பக்குளம் பக்கம் கொண்டுவருவார். மூளை முடக்குவாதம் உள்ள நம் பேரனை ஏற்றி நாலு சுற்று சுற்றினால் கால் தானாக வந்துவிடும். காணொளி அனுப்பியிருக்கிறேன், எல்லோரும் பாருங்கள்.

[7:46] மேலூர் அப்பத்தா: (அப்பத்தா சொல்கிறார், சின்னவள் எழுதுகிறேன்) அய்யனாருக்கு மண் குதிரை நேர்ந்திருக்கிறேன், அது போதும். உயிர்க் குதிரையில் ஏற்றிப் பிள்ளை விழுந்தால் யார் பதில் சொல்வது?

[7:52] அக்கா: காணொளியைப் பார்த்ததிலிருந்து சோஃபாக் கைப்பிடியில் உட்கார வை என்று ஒரே அடம். அழகரைப் போல இவரும் ஆற்றில் இறங்கவேண்டுமாம். கோவை மதினி, பிசியோதெரபி செய்கிறவர் நீங்கள்தான் சொல்லவேண்டும். ஏற்றலாமா?

[8:15] கோவை மதினி: ரேக்ளாக் குதிரை வேண்டவே வேண்டாம் மாமா. அது ஓடப் பழகியது, சிகிச்சைக்கு வேண்டியதோ நடை. குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்பின்னாக, பக்கவாட்டில், மேலும் கீழுமாக அசையும். நாம் நடக்கையில் நம் இடுப்பு அசைவதும் ஏறக்குறைய அப்படித்தான். நிமிடத்துக்குச் சுமார் 100 அடி வைத்தால், ஒவ்வோர் அடிக்கும் பிள்ளையின் முதுகு தன்னைச் சரிசெய்துகொள்ளவேண்டும். மேசையில் படுக்கவைத்து நான் அத்தனை முறை அசைத்தால் என் கையைக் கடித்துவிடுவான்.

[8:18] அக்கா: தொடை இரண்டும் ஒட்டிக்கொள்கிறதே, அதற்கு?

[8:23] கோவை மதினி: காலை அகட்டி உட்காருவதால் உள்தொடைத் தசை மெல்ல இளகும். குதிரையின் உடல்சூடு சுமார் 38 டிகிரி, அதுவும் உதவும். பலன் அதிகம் தெரிவது நிமிர்ந்து உட்காருவதிலும் சமநிலையிலும்தான். மூளை முடக்குவாதமே போய்விடும் என்று யாராவது சொன்னால், பணத்தை மடியில் முடிந்துகொண்டு திரும்பி வந்துவிடு.

[8:30] நத்தம் சித்தப்பா: டென்மார்க்கில் போலியோ வந்த பெண் ஒலிம்பிக் பதக்கமே வாங்கியிருக்கிறாரே?

[8:34] கோவை மதினி: லிஸ் ஹார்டெல். 1952, ஹெல்சிங்கி, வெள்ளிப் பதக்கம். முழங்காலுக்குக் கீழே கால் செயலிழந்திருந்தது, ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் வேண்டும். ஆனால் போலியோ வருமுன்பே அவர் தேர்ந்த குதிரை வீராங்கனை, மாமா. காணொளிக்காரர்கள் அதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

[8:41] செல்லூர் அத்தை: பிள்ளையைச் சேணத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டால் விழமாட்டான் அல்லவா?

[8:43] கோவை மதினி: ஐயோ, கூடவே கூடாது சித்தி! குதிரை மிரண்டாலோ சாய்ந்தாலோ பிள்ளையும் அதனோடு போய்விடுவான். முறையாகச் செய்யும் இடத்தில் குதிரையைப் பிடித்து நடத்த ஒருவர், பிள்ளையின் இரு பக்கமும் ஆள், கூடவே சிகிச்சையாளர், தலையில் கவசம். அதற்கும் முன்னால் இடுப்பு எக்ஸ்ரே எடுக்கவேண்டும். மூட்டு நழுவியிருந்தால் குதிரைப் பேச்சே கிடையாது.

[8:49] செல்லூர் அத்தை: எதிர்வீட்டுப் பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம். அவனையும் அழைத்துப்போகலாம் என்றிருந்தேன்.

[8:52] கோவை மதினி: அவனுக்குக் கழுத்தைப் பார்க்கவேண்டும். சிலருக்கு மேல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு இடையே பிடிப்பு தளர்ந்திருக்கும். டாக்டர் சரி என்று சொல்லாமல் ஏற்றாதீர்கள்.

[9:05] நத்தம் சித்தப்பா: நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்குத்தான் வருத்தம், குதிரையைக் குளிப்பாட்டிவிட்டாராம்.

[9:07] மேலூர் அப்பத்தா: (அப்பத்தா சிரிக்கிறார்)

[9:15] அக்கா: வியாழக்கிழமை எக்ஸ்ரே எடுத்துவிடுகிறேன். அதுவரை இந்த அடத்துக்கு என்ன செய்வது மதினி?

[9:20] கோவை மதினி: உருளைத் திண்டு ஒன்று தைத்துக் குதிரை மாதிரி உட்கார வை. நாங்களும் இதைத்தான் செய்கிறோம். பின்னால் நீ உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக்குப் பக்கம் மெல்ல உருட்டு. வலித்தால் உடனே நிறுத்து.

[9:24] நத்தம் சித்தப்பா: போடியிலிருந்து இலவம்பஞ்சு நான் வாங்கி வருகிறேன்.

[9:26] கோவை மதினி: இலவம்பஞ்சு அமுங்கிவிடும் மாமா. பழைய பாயை இறுக்கச் சுருட்டி, மேலே ஜமுக்காளம் சுற்றுங்கள். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதியவேண்டும், அதுதான் அளவு.

[9:31] அக்கா: அளந்துவிட்டேன், முழங்காலிலிருந்து தரைவரை 11 அங்குலம். வால் வைக்கச் சொல்கிறான்.