ஜாக் ஐக்கல்: கழுத்துக் காயத்தோடு ட்ரேட் ஆவாரா, பஃபலோவிலேயே முடங்குவாரா?

நீலக்கோடு | 20 அக்டோபர் 2021

மார்ச் 7ஆம் தேதி ஐலண்டர்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் கழுத்தில் அடிபட்டதிலிருந்து, வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்ஹெச்எல்லில் பஃபலோ சேபர்ஸ் அணிக்கு ஆடும் ஐக்கல் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. செப்டம்பர் 23ஆம் தேதி முகாம் தொடக்கத்தில் நடந்த உடற்தகுதிச் சோதனையில் தேறவில்லை. அன்றே கேப்டன் பொறுப்பையும் பறித்துவிட்டார்கள். 2019-20இல் 68 ஆட்டத்தில் 78 புள்ளி (கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து) எடுத்த சென்டர் (நடுவில் ஆடும் தாக்குதல் வீரர்), 24 வயது. இப்படி ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே மனம் ஒப்பவில்லை.

சேபர்ஸ் முதல் மூன்று ஆட்டங்களையும் வென்றதும், "அவர் இல்லாமலே நன்றாகத்தானே போகிறது, விற்க என்ன அவசரம்" என்ற பேச்சு வந்துவிட்டது. எனக்கு மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்.

அறுவைச் சிகிச்சைக்கு முன்பே எந்த அணியாவது அவரை ட்ரேடில், அதாவது வீரர்களையும் பிக்குகளையும் மாற்றிக்கொள்ளும் பேரத்தில், எடுக்குமா? வருடத்துக்கு 10 மில்லியன் டாலர் கேப் ஹிட் (அணியின் சம்பள வரம்பான கேப்பில் அவர் பெயரில் ஏறும் தொகை), இந்தப் பருவத்தையும் சேர்த்து ஐந்து பருவம். வரம்பு 81.5 மில்லியனிலேயே நகராமல் நிற்கும்போது எந்த அணியில் இது பொருந்தும்? நான்கு முதல் சுற்றுப் பிக்குக்கு (டிராஃப்டில் இளம் வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) சமமான விலையை பஃபலோ ஜெனரல் மேனேஜர் (ஜிஎம்) கெவின் ஆடம்ஸ் கேட்பதாகச் சொல்கிறார்களே, அது கிடைக்குமா?


ஐந்தாம்துளை | 20 அக்டோபர் 2021

ட்ரேடை நிறுத்தி வைத்திருப்பது காயம் இல்லை. எந்த அறுவைச் சிகிச்சை என்ற சண்டைதான்.

அவருக்குக் கழுத்து எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது. ஓய்வும் பிசியோவும் பார்த்தாகிவிட்டது, தீரவில்லை. பஃபலோ மருத்துவர்கள் சொல்வது ஃப்யூஷன்: கழுத்தின் முன்பக்கமாகத் திறந்து, டிஸ்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எலும்புத் துண்டு வைத்துத் தகடும் திருகும் போட்டு இரண்டு எலும்பையும் ஒன்றாக ஒட்டவைப்பது. ஐக்கல் கேட்பது செயற்கை டிஸ்க்: அதே முன்பக்க வழிதான், ஆனால் ஒட்டவைப்பதற்குப் பதில் அசையக்கூடிய ஒரு டிஸ்கைப் பொருத்துவது.

ஃப்யூஷனில் எலும்பு ஒட்டிப் பிடிக்க வேண்டும், அதற்குக் கிட்டத்தட்ட ஆறு மாதம். அந்த இடம் பிறகு அசையாது. அசைவு முழுவதும் மேலும் கீழும் உள்ள டிஸ்குகள் மேல் விழும், வருடங்கள் போகப் போக அவையும் தேயலாம், இன்னொரு அறுவைச் சிகிச்சை வரலாம். 24 வயதுக்காரர் இதற்கு அஞ்சுவது முழுக்க நியாயம். செயற்கை டிஸ்கில் அசைவு மிஞ்சுகிறது, ஐஸுக்கும் சீக்கிரம் திரும்பலாம். ஆனால் என்ஹெச்எல் வீரர் யாருக்கும் இதுவரை அதைச் செய்ததில்லை. ஆடுகளச் சுவரான போர்டில் முழு வேகத்தில் மோதும்போது அது எப்படி நிற்கும் என்பதற்கு முன்மாதிரி கிடையாது. பஃபலோ மருத்துவர்கள் தயங்குவதன் காரணம் அதுதான். அதையும் அநியாயம் என்று சொல்ல மாட்டேன்.

வீரர்கள் சங்கத்துக்கும் லீகுக்கும் இடையிலான ஒப்பந்தப்படி வீரர் இரண்டாவது மருத்துவரைக் கேட்கலாம், ஆனால் கடைசி வார்த்தை கிளப்புடையது. மீறிப் போய்ச் செய்துகொண்டால் ஒப்பந்தமே கேள்விக்குள்ளாகும், 50 மில்லியன் டாலர் பணயம். ஆகவே ட்ரேடில் வாங்கும் அணி வாங்குவது ஐக்கலை மட்டும் இல்லை, அந்தக் கடைசி வார்த்தையையும் சேர்த்து. செயற்கை டிஸ்குக்குச் சம்மதிக்கும் அணி மட்டுமே உண்மையான போட்டியில் இருக்கிறது. மற்ற பெயரெல்லாம் வெறும் வதந்தி என்று விட்டுவிடலாம்.


நான்காம்வரிசை | 20 அக்டோபர் 2021

இப்போது நடக்காது என்பதுதான் என் கணிப்பு. ஜூன் வரை பொறுக்கலாம் என்று ஆடம்ஸ் நினைப்பார்.

அவர் ஜூலையில் ஏற்கெனவே ரைன்ஹார்ட்டை ஃப்ளோரிடாவுக்கும் ரிஸ்டொலைனனை ஃபிலடெல்ஃபியாவுக்கும் கொடுத்துவிட்டார், இரண்டிலும் முதல் சுற்றுப் பிக் வாங்கினார். இந்த வருட டிராஃப்டின் முதல் பிக்கில் ஓவன் பவர் வந்தாயிற்று. கட்டியெழுப்பும் அணிக்கு இந்த வருடம் வெல்லும் அவசியமே இல்லை. ஐக்கல் காயப்பட்டோர் பட்டியலில் இருந்தாலும் நஷ்டம் முதலாளியின் சம்பளப் பணம் மட்டும்தான். காயப்பட்ட வீரரைக் காயப்பட்ட விலைக்கு ஏன் விற்க வேண்டும்?

முன்மாதிரியும் இருக்கிறது. எரிக் லின்ட்ராஸ் ஃபிலடெல்ஃபியா மருத்துவக் குழுவோடும் ஜிஎம் பாபி கிளார்க்கோடும் முறைத்துக்கொண்டு 2000-01 பருவம் முழுக்க உட்கார்ந்தார். 2001 ஆகஸ்டில்தான் ரேஞ்சர்ஸுக்குப் போனார். ஃபிலடெல்ஃபியாவுக்குக் கிடைத்தது பாவெல் ப்ரெண்டல், யான் ஹ்லவாச், கிம் யான்சன், ஒரு மூன்றாம் சுற்றுப் பிக். லீகின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பை வாங்கியவருக்கு இது குறைவு என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள், ஆனாலும் கிளார்க் ஒரு வருடம் அசையாமல் இருந்தார் பாருங்கள்.


ஐந்தாம்துளை | 21 அக்டோபர் 2021

@நான்காம்வரிசை, அதே லின்ட்ராஸ் கதையை மறுபக்கத்திலிருந்து படியுங்கள். காத்திருந்ததால் விலை ஏறியதா? ரேஞ்சர்ஸில் முதல் வருடம் 72 ஆட்டத்தில் 73 புள்ளி எடுத்தார், அந்தப் பலன் வாங்கியவர்களுக்குத்தான். அந்தப் பொதியில் ஃபிலடெல்ஃபியாவுக்கு உண்மையில் உதவியவர் யான்சன், ஏற்கெனவே லீகில் ஆடிக்கொண்டிருந்த தற்காப்பு வீரர். 1999இல் நான்காவதாக எடுக்கப்பட்ட ப்ரெண்டல் தேறவே இல்லை. காயப்பட்ட நட்சத்திரத்தை விற்கும் அணி டிராஃப்ட் எண்ணைப் பார்த்து மயங்கக் கூடாது. இன்று இரவே ஆடக்கூடிய ஒருவர் பொதியில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, ஐக்கலின் நோ-மூவ் பிரிவு 2022-23 பருவத்திலிருந்து அமலுக்கு வருகிறது. இப்போது ஆடம்ஸ் அவரை எந்த ஊருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். அடுத்த கோடைக்குப் பிறகு எந்த ஊர் என்று ஐக்கல்தான் சொல்வார். நாள் போகப் போக விற்பவரின் கை தளர்கிறது, இறுகவில்லை.

அதோடு சிகிச்சை செய்யாமல் வைத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் வாங்குபவருக்கும் ஒரு மாதம் நஷ்டம். நவம்பரில் அறுவைச் சிகிச்சை என்றால் செயற்கை டிஸ்கில் பிப்ரவரி, மார்ச்சில் ஆடலாம், கோப்பைக்கான பிளேஆஃப் சுற்று கிடைக்கும். ஜனவரியில் என்றால் இந்தப் பருவமே கைவிட்டுப் போகும். பிளேஆஃபுக்காகப் பெரிய விலை கொடுக்கத் தயாராக இருக்கும் அணி அதன் பிறகு பேச்சுக்கே வராது.


கேப்கணக்கர் | 21 அக்டோபர் 2021

நீலக்கோடு கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். "10 மில்லியன் எங்கே பொருந்தும்" என்பதில் பலர் குழம்புகிறார்கள்.

கேப் நாள் கணக்கில் ஓடுவது. வரம்புக்குக் கீழே இருக்கும் அணி தினமும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கும். பருவம் பாதி முடிந்த பிறகு 10 மில்லியன் வீரரை எடுத்தால் மீதி நாள்களுக்கு 5 மில்லியன் அளவுதான் கணக்கில் ஏறும். ஆனால் எல்டிஐஆர், அதாவது நீண்டகாலக் காயப் பட்டியல் சலுகையைப் பயன்படுத்தும் அணிக்கு இந்த மிச்சம் கிடையாது. அது வேறு பாதை: குறைந்தது 10 ஆட்டமும் 24 நாளும் ஆட முடியாத வீரரை அதில் போட்டால், அவருடைய கேப் ஹிட் அளவுக்கு வரம்பைத் தாண்டலாம்.

ஐக்கல் விஷயத்தில் இது வாங்குபவருக்குச் சாதகம். அவரே நேராக எல்டிஐஆருக்குப் போவார், ஆகவே இன்று இடம் இல்லாத அணியும் எடுக்கலாம். சிக்கல் அவர் குணமாகித் திரும்பும் அன்று வருகிறது. அன்றைக்கு முழு 10 மில்லியனும் மேசை மேல் வந்து விழும். யாரையாவது விற்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஒருவர் காயப்பட்டிருக்க வேண்டும். இந்தப் பருவத்து விதிப்படி பிளேஆஃபில் கேப் கணக்கே கிடையாது. போன பருவத்தில் டாம்பா அணி தன் நட்சத்திரம் குச்சரோவை வழக்கமான பருவம் முழுக்க எல்டிஐஆரில் வைத்து, பிளேஆஃபில் இறக்கிக் கோப்பை வாங்கியது. எல்லா ஜிஎம்மும் அதைக் குறித்து வைத்திருப்பார்கள்.

"பஃபலோ பாதிச் சம்பளத்தை ஏற்றுக்கொண்டால் தீர்ந்தது" என்பவர்களுக்கு: சட்டப்படி 50 சதவீதம் வரை பிடித்துவைக்கலாம், ஆனால் ஒப்பந்தம் முடியும் வரைக்கும். வருடம் 5 மில்லியன், ஐந்து பருவம், 2026 வரை. இன்னொரு பஃபலோ வீரர் ஸ்கின்னருடைய 9 மில்லியன் 2027 வரை ஓடுகிறது. இளம் வீரர்கள் பவர், டாலின், கஸன்ஸ் எல்லோருக்கும் பெரிய ஒப்பந்தம் எழுத வேண்டிய நாளில் 14 மில்லியன் முடங்கிக் கிடக்கும். ஆடம்ஸ் இதற்கு ஒப்பக் கூடாது. ஒப்பினால் விலை இரண்டு மடங்கு கேட்க வேண்டும்.

யாரும் பேசாத இன்னொரு பக்கம், கேப்பின் தரை. இந்தப் பருவம் 60.2 மில்லியனுக்குக் கீழே எந்த அணியும் இறங்கக் கூடாது. ஐக்கலின் 10ஐ எடுத்துவிட்டால் பஃபலோ அந்தத் தரையில் இடிக்கும். ஆகவே பிக்கும் இளைஞர்களும் மட்டும் வாங்க முடியாது. 4, 5 மில்லியன் சம்பளக்காரர் ஒருவர் திரும்பி வந்தே ஆக வேண்டும், அல்லது எங்கிருந்தாவது ஓர் ஒப்பந்தத்தைத் தூக்கி வர வேண்டும்.


பக்துரத்தி | 22 அக்டோபர் 2021

அப்படியானால் அணிகளைக் கழித்துப் பார்க்கலாம்.

ரேஞ்சர்ஸ் இல்லை. ஸிபனெஜாடுக்கு இந்த மாதம்தான் வருடம் 8.5 மில்லியனில் எட்டு வருடம் கொடுத்தார்கள், அடம் ஃபாக்ஸின் ஒப்பந்தம் வரிசையில் நிற்கிறது. மினசோட்டா ஆசைப்படலாம், முடியாது: பரீசேயையும் சூட்டரையும் ஒப்பந்தம் முடியும் முன்பே வெளியேற்றியதன் கேப் தண்டனை இந்த வருடம் 4.7 மில்லியன், அடுத்த வருடம் 12.7, அதற்கடுத்த இரண்டு வருடமும் 14.7. கப்ரீஸோவுக்கு 9 போய்விட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் டனோவை ஆறு வருடத்துக்கு எடுத்தபோதே கோபிடாருக்குப் பின்னால் சென்டர் இடம் நிரம்பிவிட்டது. அனஹைமிடம் இடம் இருக்கிறது, ஆனால் பஃபலோ முதலில் கேட்பது இளைஞர்கள் ஸெக்ரஸ் அல்லது டிரைஸ்டேல், அவர்கள் தர மாட்டார்கள். தரக் கூடாது என்பேன்.

மிஞ்சுவது கால்கரியும் வேகாஸும். கால்கரியில் விங்கர் (ஓரத்தில் ஆடும் தாக்குதல் வீரர்) கச்சக்குக்கு 7 மில்லியன், ஒப்பந்தம் வரும் கோடையில் முடிகிறது, தக்கவைக்க 9 மில்லியனில் ஓர் ஒப்பந்தத்தை முன்வைத்தாக வேண்டும். அவரைக் கொடுத்து ஐக்கலை வாங்குவது காகிதத்தில் சரியாக வரும். ஆனால் ஆரோக்கியமான, ஒரு ஷிஃப்ட்கூட விடாமல் உழைக்கும் விங்கரைக் கொடுத்துவிட்டு யாரும் சோதித்திராத கழுத்தை வாங்கும் துணிவு அங்கே இருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

வேகாஸுக்குத் தேவையும் இருக்கிறது, பழக்கமும் இருக்கிறது. ஜூனில் மொண்ட்ரியாலிடம் அரையிறுதியில் தோற்றதற்குக் காரணம் முதல் வரிசைச் சென்டர் இல்லாததுதான். பவர் ப்ளே (எதிரணிக்கு ஓர் ஆள் குறைவாக இருக்கும் நேரம்) மூச்சே விடவில்லை. பெரிய பெயர் சந்தைக்கு வந்தால் அவர்கள் ஒதுங்கி நிற்பதில்லை, ஸ்டோன், பசியொரெட்டி, பியட்ராஞ்சலோ மூவரும் அப்படி வந்தவர்கள்தான். ஸ்டோனும் பசியொரெட்டியும் இப்போது காயத்தில். அலெக்ஸ் டக் தோள் அறுவைச் சிகிச்சையில். டக்கின் கேப் ஹிட் 4.75 மில்லியன், 2026 வரை. கேப்கணக்கர் சொன்ன அளவுக்குச் சரியாக இருக்கிறதா? அவர் சிரக்யூஸ் பக்கத்துப் பையன், சின்ன வயதில் சேபர்ஸ் ரசிகர். யாரும் வர விரும்பாத ஊராகிவிட்ட பஃபலோவுக்கு, விரும்பி வரும் ஒருவர் சாதாரண விஷயம் இல்லை.


நான்காம்வரிசை | 22 அக்டோபர் 2021

தரை விஷயத்தையும் நோ-மூவ் விஷயத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நான்கு முதல் சுற்று விலை வேகாஸிடம் வராது. டக், இளம் வீரர் பேய்ட்டன் க்ரெப்ஸ், ஒரு முதல் சுற்று, அதற்கு மேல் கொஞ்சம், அவ்வளவுதான் வரும். அதிலும் கழுத்து தேறாமல் அணி சரிந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் பிக்குக்குப் பாதுகாப்பு எழுதிக்கொள்வார்கள். காயப்பட்டவரின் ட்ரேடில் நாம் பார்க்க வேண்டியது பெயர்களை இல்லை, அந்த நிபந்தனை வரிகளைத்தான்.


கேப்கணக்கர் | 4 நவம்பர் 2021

முடிந்தது. வேகாஸ்.

பஃபலோவுக்கு டக், க்ரெப்ஸ், 2022 முதல் சுற்று, 2023 இரண்டாம் சுற்று. வேகாஸுக்கு ஐக்கல், 2023 மூன்றாம் சுற்று. முதல் சுற்றுப் பிக் முதல் பத்துக்குள் விழுந்தால் ஒரு வருடம் தள்ளிப் போகும், நான்காம்வரிசை சொன்ன அதே பாதுகாப்பு. பஃபலோ ஒரு டாலர்கூடச் சம்பளம் பிடித்துவைக்கவில்லை, இதில் ஆடம்ஸைப் பாராட்ட வேண்டும். தரைக்கும் வழி செய்துவிட்டார்கள்: இனி ஆட முடியாத ஜானி பாய்சக்கின் 6 மில்லியன் ஒப்பந்தத்தை ஐலண்டர்ஸிடமிருந்து எடுத்தார்கள். செயற்கை டிஸ்க் அறுவைச் சிகிச்சைக்கு வேகாஸ் சம்மதித்துவிட்டது.

இனி பார்க்க வேண்டியது பிப்ரவரி. டக் போனதில் 4.75 மிச்சம், ஐக்கல் திரும்பினால் 10 ஏறும், நிகரமாக 5.25 மில்லியன் தேவை. அன்றைக்கு ஸ்டோனின் 9.5 எல்டிஐஆரில் இருந்தால் யாரையும் விற்காமல் சமாளிக்கலாம். எல்லோரும் குணமாகியிருந்தால் முதலில் வெளியே போகப் போவது வேகாஸ் வீரர் டடோனவின் 5 மில்லியன், அது போதாவிட்டால் ரைலி ஸ்மித்.


நீலக்கோடு | 4 நவம்பர் 2021

டடோனவ் ஒப்பந்தத்தில் அவர் போக மறுக்கக்கூடிய அணிகளின் பட்டியல் ஏதும் இருக்கிறதா? இருந்தால் அதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும், கேப்கணக்கர்.