பனிமனிதன் கூலன்டில் சாவானா?

காரைக்குடி மெக்கானிக்: "ஜாக் ஃப்ராஸ்ட் (1997) குறையே இல்லாத கிறிஸ்துமஸ் பேய்ப்படம்" என்று நேற்று ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. மேலே ரசாயனம் கொட்டியதில் ஒரு கொலைகாரன் பனியோடு கலந்து பனிமனிதனாக எழுகிறான், சரி, அதை விட்டுவிடுகிறேன். கடைசியில் வண்டி நிறைய ஆன்டிஃப்ரீஸை, அதாவது தண்ணீரை உறையவிடாத திரவத்தை, ஊற்றி அதில் அவனைத் தள்ளிக் கொல்கிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. நாம் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்டில் இருப்பதும் அதே சரக்குதான். கையில் பட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையவிடாது, அவ்வளவுதான். உருகித் தண்ணீராகிக் கதவிடுக்கில் நுழைகிறவனுக்கு உறையாமல் இருப்பதில் என்ன நஷ்டம்?

பள்ளத்தூர் ரசிகன்: அதை எழுதியது நான்தான் அண்ணே. போலீஸ்கார அப்பாவுக்குக் குளிரக்கூடாது என்று பையன் கஞ்சியில் ஆன்டிஃப்ரீஸைக் கலக்கிறானே, அங்கேயே முடிவுக்கு விதை போட்டுவிட்டார்கள். தண்ணீராக நுழையலாம், அவன் யாரையாவது கொல்ல வேண்டுமென்றால் உறைந்து கை கால் வந்தாக வேண்டும். படத்தை முழுதாகப் பார்த்தீர்களா, இல்லை கடையில் வண்டிக்கு அடியில் படுத்தபடி கேட்டீர்களா?

காரைக்குடி மெக்கானிக்: வண்டிக்கு அடியில் படுக்கிறவனுக்குத்தான் கூலன்ட் தெரியும் தம்பி. உறையவில்லை என்றால் தண்ணீராக இருப்பான், சாக மாட்டான். வேண்டுமானால் நூறு தடவை சொல்கிறேன், சாக மாட்டான்.

தேவகோட்டை செல்வம்: இரண்டு பேரும் விடுங்கள். அந்த ரப்பர் உடம்பையும், தெருவில் சரியாகப் பனிகூட இல்லாததையும் பற்றி ஏன் யாரும் பேசவில்லை? கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் ஒரு செட்டிநாட்டு வீட்டில், நகரத்தாரின் பிள்ளையார் நோன்பு ராத்திரி, நூல் திரியை ஏற்றிச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும் இழைமாவு உயிர்பெற்று வருவதாகப் படம் எடுத்தால் இதைவிடப் பயமாக இருக்கும்.

கோட்டையூர் மீனா: நோன்பை இதில் இழுக்காதீர்கள். நாங்கள் வருஷா வருஷம் பக்தியோடு இழை எடுத்துக்கொள்கிறோம், அது உங்களுக்குப் பேய்க்கதையா? படப்பிடிப்புக்கு வீடு கொடுத்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். எங்கள் வீட்டுத் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் லைட் ஸ்டாண்டை இழுத்துப் போட்ட கீறல் இன்னும் போகவில்லை.

தேவகோட்டை செல்வம்: வாடகை வாங்கும்போது கல் ஞாபகம் வரவில்லையா ஆச்சி?

கோட்டையூர் மீனா: என் வீட்டுக் கணக்கை நீங்கள் பார்க்க வேண்டாம். நோன்பைப் பற்றி எழுதியதை முதலில் எடுங்கள்.

காரைக்குடி மெக்கானிக்: கல்லும் வாடகையும் அப்புறம். 2000-இல் வந்த இரண்டாம் பாகத்தில் அதே பனிமனிதன் உயிரோடு வருகிறான், ஆன்டிஃப்ரீஸ் அவனை ஒன்றும் செய்யவில்லை. எடுத்தவர்களே என் பக்கம்தான்.

பள்ளத்தூர் ரசிகன்: முதல் பாகத்தில் அந்தப் போலீஸ்காரர் ரத்தம் அவனோடு கலந்துவிட்டது, அதனால் தாங்கிக்கொண்டிருப்பான். அவருக்கு ஆகாத வாழைப்பழம் இரண்டாம் பாகத்தில் இவனுக்கும் ஆகாமல் போனது அதனால்தானே? முழுப்படம் பார்த்தவர்களுக்கு இது தெரியும். போன பொங்கலுக்கு என்னிடம் வாங்கிய சிடியைத் திருப்பித் தந்தால் இன்னொரு தடவை போட்டே காட்டுகிறேன்.

காரைக்குடி மெக்கானிக்: கீறல் விழுந்த அந்த சிடியையா கேட்கிறாய்? சரி, கடைக்கு வந்து வாங்கிக்கொள். வாழைப்பழத்தையும் அங்கேயே பேசுவோம்.